வெயிலுக்காகக் காத்திருக்கக்கூடிய வேலைகள்

ஆயிரம் லிட்டர் தண்ணீரை 300 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவர எவ்வளவு மின்சாரம் வேண்டும்? இயற்பியல் விதிப்படி குறைந்தபட்சம் 0.82 யூனிட். மோட்டாரின் இழப்பு, பம்பின் இழப்பு, குழாயின் உராய்வு, நீளமான வயரில் வீணாகும் வெப்பம் எதுவும் இதில் சேரவில்லை. வயல்வெளியில் ஓடும் நீர்மூழ்கி மோட்டார் ஒன்று, உள்ளே போகும் மின்சாரத்தில் பத்தில் நான்கு பங்கைத் தண்ணீர் ஏற்றும் வேலையாக மாற்றினாலே அதை நல்ல மோட்டார் என்று சொல்லலாம். ஆகவே நடைமுறையில் 2 யூனிட் ஆகிவிடும். தருமபுரி மாவட்டத்தில் ஆயிரம் அடி போர்வெல் என்றால் இன்று யாரும் வியப்பதில்லை. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் தேவை. அதை அந்த ஆழத்திலிருந்து இழுத்தால் 200 யூனிட் செலவாகும். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஓர் ஏக்கரை ஒரே ஒரு முறை நனைக்க, ஒரு வீட்டுக்கு நான்கு மாதத்தில் இலவசமாகக் கிடைக்கும் மின்சாரம் முழுவதும் போய்விடுகிறது.

வீடுகளும் வண்டிகளும் மின்சாரத்துக்கு மாற வேண்டும், அந்த மின்சாரம் வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் வர வேண்டும் என்று பேசும்போது, நம் கண்முன் வருவது மாநகரத்துக் கார்களும் மாடிவீட்டுப் பலகைகளும்தான். தருமபுரியைக் கண்முன் வைத்து யோசித்தால் வரிசை மாறுகிறது. இங்கே முதலில் வருவது கிணறு, அடுத்தது இருசக்கர வண்டி, கடைசியில்தான் சமையலறை. இந்த வரிசையை வகுப்பது ஒரே ஒரு கேள்வி: எந்த வேலை வெயில் வரும்வரை காத்திருக்கும், எந்த வேலை காத்திருக்காது? சூரிய மின்சாரத்தின் அருமையும் குறையும் அதன் நேரத்தில் இருக்கின்றன. காலை ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை அது கொட்டுகிறது. மாலை ஆறரைக்கு, ஊரே விளக்குப் போட்டு மின்விசிறி சுழலவிட்டு உலை வைக்கும் நேரத்தில், அது இல்லை. இந்த நேரக் கணக்கைப் பார்க்காமல் எதை மின்மயமாக்கினாலும் அதன் பயன் பாதியாகிவிடும். பார்த்துச் செய்தால் ஒரு வறண்ட மாவட்டம் பெரிய செலவில்லாமல் வெகுதூரம் போக முடியும்.

மாவட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 15 லட்சம். அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமங்களில் வாழ்கிறார்கள். காலடியில் கிடப்பது கடினப் பாறை. தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் தங்குகிறது. வெடிப்பு வறண்டால் இன்னும் ஆழமாகத் துளைக்க வேண்டும். ஆழம் போகப்போக ஃபுளோரைடும் கூடுகிறது. பல் பழுப்பேறி எலும்பு வளையும் நோய் இந்த மாவட்டத்தின் பழைய துயரம். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமானது. இன்று மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. மும்முனை மின்சாரம் நாள் முழுவதும் வருவதில்லை, முறைவைத்துத்தான் வருகிறது. அதில் ஒரு பகுதி இரவில். ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுப் படுத்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும், வாய்க்கால் நிறைந்து வழிந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். எழுந்து மடை மாற்றப் போகிறவர் இருட்டில் பாம்புக்குப் பயந்து போகிறார். இப்படி இரவில் ஓடும் ஒவ்வொரு மோட்டாரும் வெயில் மின்சாரத்துக்கு எட்டாத நேரத்தில் ஓடுகிறது; அதன் பாரம் பெரும்பாலும் நிலக்கரியின் தலையில் விழுகிறது.

பயிர் மட்டும் ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்பதில்லை. காலையில் பாய்ச்சினாலும் நண்பகலில் ஒரு தொட்டியிலோ பண்ணைக் குட்டையிலோ நிரப்பிவைத்து மாலையில் சொட்டுநீராக விட்டாலும் அதற்கு ஒன்றுதான். இங்கே ஓர் அறிவியல் நுட்பம் உண்டு. பத்து மீட்டர் உயரத் தொட்டியில் ஆயிரம் லிட்டரை ஏற்றி வைத்து, அதைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கலாம் என்று நினைத்தால் கிடைப்பது 0.03 யூனிட்கூட இல்லை. அந்த வகையில் தொட்டி ஒரு பயனற்ற பேட்டரி. ஆனால் 300 மீட்டர் ஆழத்திலிருந்து அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவர ஏற்கெனவே 2 யூனிட் செலவழித்தாகிவிட்டது. தொட்டி சேமித்து வைத்திருப்பது முடிந்துபோன அந்த வேலையை. மின்சாரத்தைத் திரும்பப் பெற வேண்டிய தேவையே இல்லை. லித்தியம் பேட்டரித் தொகுதியின் உலகச் சராசரி விலை 2010-ல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது, 2024-ல் 115 டாலராக இறங்கியது. அப்படி இறங்கியும் 20 யூனிட் சேமிக்க ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் வேண்டும். அதே 20 யூனிட் வேலையைத் தண்ணீராகச் சேமிக்க ஒரு குழியும் அதன் மேல் ஒரு விரிப்பும் போதும்.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. வெயில் காயும் மாதங்களில்தான் பயிருக்குத் தாகம் அதிகம். வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடிப் பலகைகள் சோர்ந்துகிடக்கும் நாட்களில் மோட்டாருக்கும் வேலை குறைவு. வேறு எந்த மின்தேவையும் சூரியனோடு இவ்வளவு இசைந்து போவதில்லை. மேகமூட்டம் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் கடினமானது. கிணற்றுக்கு அது பாதி தானாகவே தீர்ந்துவிடுகிறது.

ஆனால் இதற்கு எதிரான வாதம் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சூரிய பம்பு கொடுத்தால் விவசாயிக்கு மின்சாரம் முழுக்க இலவசமாகும், முறையும் கிடையாது, நாள் முழுவதும் இழுப்பார், நிலத்தடி நீர் இன்னும் வேகமாக வற்றும் என்கிறார்கள் நீரியல் அறிஞர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பலகை ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 5 கிலோவாட் பலகை 20 யூனிட். அதை வைத்து 50 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து ஏறத்தாழ 60,000 லிட்டர் இறைக்கலாம். 300 மீட்டர் போர்வெல்லிலிருந்து 10,000 லிட்டர்தான். ஆழமான போர்வெல்லில் சூரிய பம்பு பெரிதாக எதையும் வற்றவைக்கப்போவதில்லை, அதே காரணத்தால் அங்கே அது பெரிதாக உதவப்போவதும் இல்லை. தண்ணீர் மேலே நிற்கும் திறந்த கிணறுகளில்தான் ஆபத்து உண்மையானது. மின்கட்டமைப்போடு சேராமல் தனித்து நிற்கும் சூரிய பம்பை மானியத்தில் வாரி வழங்குவது இந்த மாவட்டத்துக்குச் சரியான வழி அல்ல என்பது என் முடிவு. பலகை மின்கம்பியோடு இணைந்திருக்க வேண்டும், உபரி மின்சாரத்துக்கு விலை கிடைக்க வேண்டும். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற கிராமத்தில், பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் உதவியோடு சில விவசாயிகள் சூரிய பம்புக் கூட்டுறவு ஒன்றை அமைத்து, இறைக்காமல் மிச்சம் வைத்த மின்சாரத்தை மின்பகிர்மான நிறுவனத்துக்கு விற்றார்கள். மோட்டாரை நிறுத்தினால் காசு வரும் என்ற நிலை வந்ததும், தேவையில்லாமல் ஓடும் தண்ணீருக்கு ஒரு விலை பிறந்துவிட்டது. தண்ணீருக்கு மீட்டர் வைப்பது நம் அரசியலில் நடக்காத காரியம். வெயிலுக்கு விலை கொடுத்து, மறைமுகமாகத் தண்ணீரைக் காப்பது நடக்கக்கூடிய காரியம்.

சொட்டுநீரும் இதே கணக்கில் ஒரு மின் திட்டம்தான். ஆயிரம் லிட்டர் மிச்சமானால் 2 யூனிட் மிச்சம். சிறு, குறு விவசாயிகளுக்கு மாநில அரசு தரும் நூறு சதவீதச் சொட்டுநீர் மானியத்தை விவசாயச் செலவாக மட்டும் பார்ப்பது தவறு. அது மின்வாரியத்தின் நிலக்கரிச் செலவையும் குறைக்கிறது.

இலவச மின்சாரம் இருக்கும்போது எந்த விவசாயி பலகை வைப்பார் என்பது அடுத்த கேள்வி. வைக்கமாட்டார், அவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பாரத்தைச் சுமப்பது அரசு, ஆகவே மாற்றத்தின் லாபமும் முதலில் அரசுக்குத்தான். இதற்கு மகாராஷ்டிரம் 2017-லிருந்து ஒரு வழி காட்டுகிறது. கிராமத் துணைமின்நிலையத்தின் அருகில், சில மெகாவாட் அளவில் சூரிய மின்நிலையம் அமைத்து, விவசாயத்துக்கென்று பிரித்த மின்பாதைகளுக்குப் பகலிலேயே மும்முனை மின்சாரம் கொடுக்கிறார்கள். விவசாயி எதையும் வாங்க வேண்டாம், எதையும் பராமரிக்க வேண்டாம். பகலில் மடை மாற்றிவிட்டு இரவில் தூங்கலாம். மின்வாரியத்துக்கோ, யூனிட் மூன்று ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும் மின்சாரம், தொலைவிலிருந்து நிலக்கரி கொண்டுவந்து எரித்து, நீண்ட கம்பிகளில் இழந்து, கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் குறைந்து மோட்டார் புகையும் மின்சாரத்தைவிட மலிவு. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் மறுபடி ரயிலிலும் வருகிறது. அந்தப் பயணத்தின் முடிவில் பிறக்கும் மின்சாரத்தைத் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் நள்ளிரவில் ஒரு மோட்டாருக்கு இலவசமாகக் கொடுப்பதைவிட, அதே பாலக்கோட்டின் வெயிலை நண்பகலில் கொடுப்பது எளிது.

எல்லாத் தண்ணீரும் காத்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானிய ஜைக்கா நிறுவனத்தின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃபுளோரைடிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களைக் காப்பாற்றக் காவிரியை மேட்டுநிலத்துக்கு ஏற்றுகிறது. ஓசூர் வரைக்கும் போக வேண்டியிருப்பதால் அந்தத் தண்ணீர் பல நூறு மீட்டர் உயரம் ஏறுகிறது. இப்படிப்பட்ட பெரிய திட்டங்களில், குழாயின் விட்டத்தைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்த, நாளின் பெரும்பகுதி மோட்டார் ஓடும்படி திட்டமிடுவதே வழக்கம். ஆறு மணி நேரத்தில் முழுத் தண்ணீரையும் ஏற்ற வேண்டுமென்றால் நாலு மடங்கு பெரிய மோட்டாரும் பெரிய குழாயும் வேண்டும். ஊராட்சிகளின் சின்னச் சின்ன மேல்நிலைத் தொட்டிகளைப் பகலில் நிரப்பலாம். ஒகேனக்கல்லின் பெரிய மோட்டார்கள் இரவிலும் ஓடத்தான் செய்யும். அவற்றுக்கு மே முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் இரவு பகல் பாராமல் அடிக்கும் காற்றுதான் துணை.

இனி வண்டிக்கு வருவோம். நாட்டின் மின்சார ஸ்கூட்டர் தொழில் திரண்டிருக்கும் இடம் தருமபுரியின் வாசலில் இருக்கிறது. 2004-ல் தனி மாவட்டமாகும்வரை தருமபுரியோடு இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில், போச்சம்பள்ளியில் ஓலாவின் தொழிற்சாலையும், ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர் நிறுவனங்களின் தொழிற்சாலைகளும் இயங்குகின்றன. 2024-25-ல் இந்தியாவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்சார இருசக்கர வண்டிகள் விற்றன. இவற்றைப் பற்றி அடிக்கடி எழும் எதிர்ப்பு, நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதானே வருகிறது, புகையை இங்கிருந்து மேட்டூருக்கு மாற்றுவதில் என்ன பயன் என்பது. நியாயமான கேள்வி, எண்களில் பதில் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 51 கிராம் விடும். மின்சார ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு 35 வாட்மணி போதும்; கம்பியில் இழப்பதையும் சேர்த்தால் 40. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கில் இந்திய மின்கட்டமைப்பின் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.73 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆகவே கிலோமீட்டருக்கு 29 கிராம். முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றே வைத்துக்கொண்டாலும் 39 கிராமைத் தாண்டாது. பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை வெப்பமாக வீசுவதும், மோட்டார் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுப்பதும்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

ஆனால் தருமபுரிக் கிராமங்களில் அதிகம் ஓடுவது ஸ்கூட்டர் அல்ல, லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் 100 சிசி பைக். அது கிலோமீட்டருக்கு 38 கிராம்தான் விடுகிறது. 29-க்கும் 38-க்கும் உள்ள இடைவெளி பெரிதல்ல. பேட்டரி செய்யும்போதே வெளியாகும் புகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: 3 யூனிட் பேட்டரிக்கு 200 முதல் 300 கிலோ. ஸ்கூட்டருக்குப் பதிலாக வாங்கினால் 9,000 முதல் 14,000 கிலோமீட்டரில், அதாவது ஓரிரு வருடத்தில் அது ஈடாகிவிடும். பைக்குக்குப் பதிலாக வாங்கினால் ஈடாக 20,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். சராசரி மின்சாரத்தில் மின்வண்டி தரும் லாபம் மிதமானது. வெயில் மின்சாரத்தில்தான் அது முழு லாபம். பகலில் அந்த வெயில் மின்சாரத்தில் சார்ஜ் செய்தால் கிலோமீட்டருக்கான புகை கிட்டத்தட்ட மறைந்துவிடும், இரவு எட்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாகப் பிளக்கைச் செருகினால் அந்தக் கூடுதல் தேவைக்காக எங்கோ நிலக்கரி எரியும். ஒரே வண்டிதான், சார்ஜ் ஏற்றும் நேரம்தான் வேறு.

பகலில் வண்டி வீட்டில் இருக்காதே என்பார்கள். உண்மை. ஆனால் ஒரு வண்டி நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் எங்கோ சும்மா நிற்கிறது. தருமபுரி, அரூர், பென்னாகரம் பஸ் நிலையங்களை ஒட்டிய வண்டி ஸ்டாண்டுகளை எண்ணிப் பாருங்கள். காலையில் வண்டியை விட்டுவிட்டு சேலத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் திரும்பி வந்துதான் எடுக்கிறார்கள். வெயில் காயும் அத்தனை நேரமும் வண்டி தகரக் கூரையின் கீழ் நிற்கிறது. அந்தத் தகரத்துக்குப் பதில் சூரியப் பலகை, ஒவ்வொரு வரிசைக்கும் நாலு பிளக் பாயின்ட்: வேகச் சார்ஜர்கூடத் தேவையில்லை, சாதாரண 15 ஆம்பியர் சாக்கெட்டில் மூன்று நாலு மணி நேரத்தில் ஏறிவிடும். ஆட்சியர் அலுவலக வளாகம், கல்லூரிகள், தக்காளி மண்டி, பட்டுக்கூடு அங்காடி என்று பகல் முழுவதும் வண்டி நிற்கும் இடங்கள் இன்னும் உண்டு. பகல் மின்சாரத்துக்கு விலை குறைத்தும் மாலைக்கு விலை கூட்டியும் கட்டணம் வைக்கும்படி மத்திய அரசு 2023-ல் விதி கொண்டுவந்தது. மொத்த மின்சந்தையில் இந்த வித்தியாசம் ஏற்கெனவே கண்கூடு: நண்பகலில் யூனிட் இரண்டு மூன்று ரூபாய்க்கு இறங்கும் நாட்களில் மாலையில் பத்து ரூபாய் உச்சவரம்பைத் தொடுகிறது. அந்த விலை வித்தியாசத்தில் ஒரு சிறு பங்கு வண்டி ஓட்டுகிறவருக்குக் கிடைத்தாலே ஸ்டாண்டுகள் தாமாக மாறும்.

பேட்டரியின் கனிமங்கள் பற்றிய கவலைக்கும் பதில் வேண்டும். கோபால்ட் சுரங்கங்களில் நடக்கும் கொடுமைகள் கட்டுக்கதை அல்ல. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரியில் கோபால்ட்டும் கிடையாது, நிக்கலும் கிடையாது. சூடு தாங்குவதிலும் ஆயுளிலும் அது மேல், எடையில் மட்டும் சற்றுப் பின்தங்கும். நாற்பது டிகிரியைத் தொடும் கோடையில் வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு அதுவே ஏற்றது என்று துணிந்து சொல்லலாம். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. விதி இருந்தால் போதாது, அரூரில் வண்டி வாங்கியவர் அரூரிலேயே பழைய பேட்டரியைக் கொடுத்துக் காசு வாங்க முடிய வேண்டும். பழைய ஈய பேட்டரிக்கு அப்படி ஓர் ஏற்பாடு பல்லாண்டாக இருக்கிறது. ஆனால் அதை உடைத்து உருக்கும் இடங்களில் ஈயநஞ்சும் இருந்தது. அந்த அனுபவத்தை லித்தியத்தில் மறுபடி பார்க்கக் கூடாது.

கனரக வண்டிகள் இன்னும் தொலைவில் இருக்கின்றன, இருந்தாலும் தொப்பூரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேசிய நெடுஞ்சாலை 44-ல் தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதி எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. அங்கே நடப்பது இயற்பியல்தான். 25 டன் லாரி 100 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 7 யூனிட் ஆற்றல் விடுபடுகிறது. டீசல் லாரியில் அது எஞ்சின் தடையிலும் பிரேக்கிலும் வெப்பமாக மாற வேண்டும். ஓட்டுநர் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டால் முழுச் சூடும் பிரேக் டிரம்மில் ஏறி, அது பிடிப்பை இழக்கிறது. மின்சார லாரியில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்தும், அந்த 7 யூனிட்டில் பெரும்பகுதியைப் பேட்டரியில் சேர்க்கும். பேட்டரி முழுதாக நிறைந்த நிலையில் இறங்கத் தொடங்கினால் சேர்க்க இடமிருக்காது, பழைய பிரேக்கும் அவசியம் வேண்டும். இருந்தும், மலைப்பாதை மின்வண்டிக்கு ஆகாது என்ற பரவலான எண்ணத்துக்கு நேர்மாறான உண்மை இது: ஏறும்போது கொடுத்ததில் ஒரு பங்கை இறக்கம் திருப்பித் தருகிறது.

மண்டிகளிலும் காத்திருக்கும் வேலை உண்டு. விலை விழுந்தால் சாலையோரம் கொட்டப்படும் பாலக்கோட்டுத் தக்காளிக்குக் குளிர்க்கிடங்கு வேண்டும், அது இரவிலும் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் கம்ப்ரசர் இரவில் ஓட வேண்டியதில்லை. பகலில் உறையவைத்த பனிக்கட்டியும் தடித்த சுவரும் விடியும்வரை குளிரைப் பிடித்துவைக்கும்.

வீட்டுக் கூரைக்கு வந்தால், இங்கே பலகை பழைய செய்தி. 2011-ல் தொடங்கிய முதலமைச்சரின் சூரியசக்தி பசுமை வீடுகள் திட்டத்தில் ஆண்டுக்கு 60,000 ஏழைக் குடும்பங்களுக்கு 300 சதுர அடி வீடும், சூரிய மின்சாரத்தில் எரியும் ஐந்து விளக்குகளும் தரத் திட்டமிட்டார்கள். அந்தப் பலகை பேட்டரியோடு தனித்து நின்றது. இன்றைய பலகை மின்கம்பியோடு இணைகிறது, கொடுப்பதும் வாங்குவதும் ஒரே மீட்டரில் பதிகிறது. 2024-ல் வந்த பிரதமரின் சூர்யா கர் திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அப்படியும் ஒரு லட்சத்துக்கு மேல் கையிலிருந்து போட வேண்டும். இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் செலவழிக்கும் கிராமத்து வீடு, இலவசம் போக 50 யூனிட்டுக்குத்தான் பணம் கட்டுகிறது. அந்தப் பலகை அதற்கு ஆயுள் முழுவதும் ஈடாகாது. ஓட்டு வீட்டில் பலகை நிற்கவும் நிற்காது. கூரைப் பலகை இந்த மாவட்டத்தில் ஏ.சி. வைத்த வீடுகளுக்கும், கடைகளுக்கும், பள்ளிகளுக்கும் உரியது. ஏழை வீட்டுக்குச் சேர வேண்டியது ஊருக்குப் பொதுவான மின்நிலையத்தின் பங்கு. கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவி மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. ஓர் ஊராட்சி அன்று செய்ததை, பலகை விலை இவ்வளவு இறங்கிய பிறகு இங்குள்ள ஊராட்சிகள் செய்வதற்குத் தடையாக இருப்பது கடன் வசதியும் அனுமதியும்தான்.

சமையலறையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் எண்களில் இருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 180 யூனிட் வெப்பம் உண்டு. அடுப்பில் அதில் அறுபது சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகும். இண்டக்ஷன் அடுப்பில் அதே சமையலுக்கு 130 யூனிட் மின்சாரம் ஆகும். சிலிண்டர் எரிந்தால் 43 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அந்த 130 யூனிட்டை இன்றைய சராசரி மின்சாரத்தில் எடுத்தால், கம்பி இழப்போடு, 100 கிலோவுக்கும் மேல். வண்டியில் நமக்குச் சாதகமாக இருந்த கணக்கு அடுப்பில் தலைகீழாகிறது, ஏனென்றால் எரிவாயு அடுப்பு பெட்ரோல் எஞ்சினைப்போல் வெப்பத்தை வீணாக்குவதில்லை. போதாக்குறைக்கு, இரவுச் சமையல் வெயில் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. ஒரு தெருவுக்கு 63 கேவிஏ டிரான்ஸ்பார்மர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாற்பது வீடுகளில் ஒரே நேரத்தில் ஒன்றரைக் கிலோவாட் அடுப்பு எரிந்தாலே அதன் கொள்ளளவு முடிந்துவிடும். விளக்குக்கும் விசிறிக்கும் இடமில்லை. வத்தல்மலை, சித்தேரி மலைக்கிராமங்களில் விறகுப் புகையில் இருமிக்கொண்டு சமைக்கும் பெண்களுக்கு இன்று உடனடியாக வேண்டியது தட்டுப்பாடில்லாத, விலை எட்டக்கூடிய சிலிண்டர். அதை மறுத்து மின்அடுப்பைக் காட்டுவது அநியாயம். இந்தியா தன் எரிவாயு சிலிண்டர் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது என்பது உண்மையான கவலை, ஆனால் அதன் சுமையை மலைக்கிராமத்துப் பெண்ணின் நுரையீரலில் ஏற்றக் கூடாது.

வெயிலோடு ஒத்துப்போகும் சமையலறையும் ஒன்று இருக்கிறது: பள்ளிச் சத்துணவுக் கூடம். காலை ஒன்பது மணிக்கு அடுப்புப் பற்றவைத்துப் பன்னிரண்டு மணிக்கு முடிக்கும் சமையல் அது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்ற கணக்கில், நூறு பிள்ளைகளுக்குச் சோறும் சாம்பாரும் ஆக்க 10 யூனிட் அளவில் போதும். பள்ளிக் கூரையில் 5 கிலோவாட் பலகை வைத்தால் அந்த மூன்று மணி நேரத்திலேயே பெரும்பகுதி கிடைத்துவிடும், மீதியைக் கம்பி கொடுக்கும். சத்துணவுக் கூடங்களில் இருக்கும் அலுமினியப் பாத்திரம் இண்டக்ஷனில் சூடேறாது. அடி தட்டையான இரும்பு அல்லது இரும்பு கலந்த எவர்சில்வர் அண்டா வேண்டும், மும்முனை இணைப்பு வேண்டும், கரண்ட் போனால் பிள்ளைகள் பட்டினி கிடக்காமலிருக்க ஒரு சிலிண்டர் ஓரமாக இருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் பென்னாகரம் வட்டத்தில் பத்துப் பள்ளிகளில் ஓராண்டு இதைச் செய்து, செலவையும் சமையலர்களின் அனுபவத்தையும் எழுதி வெளியிட்டால், மற்ற வட்டங்கள் எவ்வளவு பெரிய அண்டா வாங்குவது என்பதிலிருந்து தொடங்கலாம்.